வழி இருக்கிறது, வாய்க்கால் எங்கே?

2023 நவம்பரில் ஒரு காலை, சீமெந்து ஏற்றி வந்த லொறி எங்கள் காணிக்குள் புதைந்தது. முன் சில்லுகள் தாண்டிவிட்டன. பின் சில்லுகள் அச்சுவரை இறங்கிவிட்டன. சாரதி இறங்கி வந்து குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தக் கல்லை எதுக்கு மேல கொட்டினனீங்கள்?"

"மண்ணுக்கு மேலதான்" என்றேன். வேறு எதற்கு மேல் கொட்டுவது?

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடமும் 240 டன் கல்லும் தேவைப்பட்டன. பதிலில் பாதியை ஜேர்மனியில் தெரிந்துகொண்டேன். மற்றப் பாதி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு ரெலிபோன் அழைப்பில் இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த அழைப்புக்காகத்தான்.

அகப்பைக் காணி

நாங்கள் வீடு கட்டியது நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் சோஸ்ட் மாவட்டத்தில், ஒரு கிராமத்தின் ஓரத்தில். ஹம் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்குக் காரில் போனவர்கள் அந்தப் பக்கத்து வயல்வெளிகளைப் பார்த்திருப்பீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் தொடர்மாடியில் இருந்துவிட்டு, மகளும் மருமகனும் நானும் மனைவியும் சேர்ந்து கடன் எடுத்து வாங்கிய காணி. றோட்டுப் பக்கம் ஒடுங்கி நீண்டு, உள்ளே போய் அகலும். அகப்பை மாதிரி. ஜேர்மன்காரர் இப்படிப்பட்ட காணியைப் புகைபிடிக்கும் பைப்பின் தண்டு என்பார்கள். அந்தத் தண்டின் நீளம் 85 மீற்றர். அதுதான் வீட்டுக்குப் போகும் பாதை.

காணி வாங்கும்போது அந்த 85 மீற்றரை நாங்கள் யாரும் ஒரு செலவாகவே நினைக்கவில்லை. சமையலறைக்கு எந்த நிறம் என்று மூன்று மாதம் சண்டை பிடித்தோம். பாதைக்கு மூன்று நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை. "கொஞ்சம் கல்லுப் பரவினால் சரி" என்றேன். ஊரில் ஒழுங்கைக்கு மக்கி போடுவதைப் பார்த்து வளர்ந்தவன்தானே நான்.

ஒரு சனிக்கிழமை நண்பர்கள் வந்தார்கள். ஆற்றுக் கூழாங்கல் இரண்டு லொறி இறக்கி, சவளால் பரவி, பின்னேரம் கொத்துரொட்டியும் சாப்பிட்டோம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. மூன்று கிழமை மழை பெய்தது. கல்லைக் காணவில்லை. மண் விழுங்கிவிட்டது. அதன்பிறகு வந்ததுதான் அந்த லொறி.

லொறியைத் தன் உழவு இயந்திரத்தால் இழுத்து வெளியே எடுத்தவர் பக்கத்துக் காணி விவசாயி. எழுபது வயதைத் தாண்டியவர். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த மண்ணிலே சீனிக்கிழங்கு விளையும், கோதுமை விளையும். றோட்டு விளையாது."

கல் அல்ல, தண்ணீர்

சோஸ்ட் பக்கத்து வயல் மண்ணை லோஸ் என்பார்கள். பனியுகக் காலத்தில் காற்று அள்ளிவந்து சேர்த்த, மா போன்ற மண். விவசாயத்துக்குப் பொன். தண்ணீரை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் பாதைக்கு அது எதிரி. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். அதோடு நிற்காது. கீழே இருக்கும் ஈரத்தையும் மேலே இழுத்து ஐஸ் படைபடையாக வளரும். நிலம் மேலே எழும்பும். மார்ச்சில் உருகும்போது கூழாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு கல் போட்டாலும் கூழில் போட்ட பலாக்கொட்டைதான்.

இதை இருநூறு வருடங்களுக்கு முன்னரே புரிந்துகொண்டவர் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜோன் லூடன் மக்கடம். 1816இல் பிறிஸ்ரல் நகர்ப் பகுதி வீதிகளின் பொறுப்பை ஏற்றவர். மக்கடம் றோட்டு என்ற சொல்லே அவர் பெயரில் வந்தது. அவர் கண்டுபிடித்தது ஒரு புதுக் கல் அல்ல. வண்டியின் பாரத்தை உண்மையில் சுமப்பது அடிமண்தான், அந்த மண் காய்ந்து இருக்கும்வரை எதையும் சுமக்கும் என்பதுதான் அவர் சொன்னது. கல்லின் வேலை மண்ணுக்குக் கூரையாக இருப்பது. இடுக்கில் இடுக்கு மாட்டும் உடைத்த சிறு கற்கள், நடுவில் சற்று உயர்ந்த முதுகு, இரு பக்கமும் வாய்க்கால். அவ்வளவுதான்.

எங்கள் கூழாங்கல் ஏன் தோற்றது என்று அப்போது விளங்கியது. உருண்டைக் கல் ஒன்றை ஒன்று பிடிக்காது, உருளும். உடைத்த கல்லுக்குத்தான் மூலை உண்டு, பிடி உண்டு.

2024 கோடையில் திரும்பத் தொடங்கினோம். இந்த முறை முறையாக.

வீடு பொது வீதியிலிருந்து 50 மீற்றருக்கு மேல் உள்ளே இருந்தால் தீயணைப்பு வண்டி உள்ளே வரக்கூடிய பாதை கேட்பார்கள். குறைந்தது மூன்று மீற்றர் அகலம், 16 டன் வண்டியைத் தாங்கும் பலம். நாங்கள் மூன்றரை மீற்றர் வைத்தோம். 85 மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 300 சதுர மீற்றர். முதலில் மேல் மண்ணை வழித்து எடுத்தோம். அதற்கு மேல், கல்லும் மண்ணும் கலக்காமல் இருக்கத் துணி போன்ற விரிப்பு. அதை 'ஃப்ளீஸ்' என்பார்கள். தண்ணீரை விடும், மண்ணை விடாது. அதன் மேல் 35 சென்ரிமீற்றருக்கு '0/45' என்று இங்கே கேட்டு வாங்கும் உடைத்த சுண்ணாம்புக் கல். தூளிலிருந்து 45 மில்லிமீற்றர் வரை எல்லா அளவும் கலந்தது. ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. ஒவ்வொரு படையாகப் பரவி, அதிரும் இயந்திரத்தால் இறுக்கி, பிறகு அடுத்த படை. கடைசியில் ஐந்து சென்ரிமீற்றர் சிறு சல்லி. எல்லாம் சேர்த்து 240 டன். 25 டன் ஏற்றும் லொறிகள் பத்து.

பாதை முழுவதையும் ஒரு பக்கம் சரித்தோம், மீற்றருக்கு மூன்று சென்ரிமீற்றர் வீதம். சரிவின் கீழ்ப்பக்கம் நீளத்துக்கும் ஆழமில்லாத புல் வாய்க்கால். மழைத்தண்ணீர் அதில் நின்று, மெல்ல மண்ணுக்குள் இறங்கும்.

தாய்மண்ணுக்கு ஒரு சட்டம்

வழித்தெடுத்த மேல் மண்ணை என்ன செய்வது என்று கேட்டேன். எங்காவது கொண்டுபோய்க் கொட்டச் சொல்வார்கள் என்று நினைத்தேன். கிண்டும் இயந்திரக்காரர் முகம் மாறிவிட்டது. "அது முட்டர்போடன். எறியக்கூடாது."

முட்டர்போடன் என்றால் சொல்லுக்குச் சொல் தாய்மண். பயிர் விளையும் மேல் மண்ணுக்கு ஜேர்மன் மொழியில் அதுதான் பெயர். நாட்டின் கட்டடச் சட்டத்தின் 202ஆவது பிரிவு அதற்கென்றே இருக்கிறது: கட்டட வேலையில் எடுக்கும் மேல் மண்ணைப் பயன்படக்கூடிய நிலையில் காப்பாற்ற வேண்டும், அழிக்கவோ வீணாக்கவோ கூடாது. நாங்கள் அதைத் தனியாகக் குவித்து, மேலே ஏறி மிதிக்காமல் வைத்திருந்து, பிறகு தோட்டத்துக்குப் போட்டோம்.

தாய்மண் என்ற சொல்லை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறேன். அது ஒரு கைப்பிடி மண்ணைக் குறிக்கும் சொல் என்று எனக்குச் சொன்னவர் ஒரு கிண்டும் இயந்திரக்காரர்.

இன்னொரு சட்டமும் உண்டு. நீர் முகாமைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இயற்கையாக ஓடும் தண்ணீரைப் பள்ளத்துக் காணிக்காரர் தடுத்து மேட்டுக் காணிக்குக் கெடுதல் செய்யக்கூடாது. மேட்டுக் காணிக்காரரும் அதைக் கூட்டியோ திசை மாற்றியோ பள்ளத்துக் காணிக்குக் கெடுதல் செய்யக்கூடாது. எங்கள் பாதைக்குக் கீழ்ப்பக்கம் இருப்பது அந்த விவசாயியின் வயல். 30 மில்லிமீற்றர் மழை பெய்தால் 300 சதுர மீற்றர் பாதையில் விழுவது 9,000 லீற்றர். அது முழுக்க அவருடைய கிழங்குக்குள் ஓடினால் பிழை என்னுடையது. மழை வானத்தினுடையது, ஆனால் என் நிலத்தைத் தொட்ட பிறகு அதன் கணக்கு என்னிடம்.

கணக்கு என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் மாநிலத்தில் கழிவுநீர்க் கட்டணத்தை வீட்டுக் கழிவுநீர், மழைநீர் என்று இரண்டாகப் பிரித்து அறவிட வேண்டும் என்று 2007இல் மேல் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கூரை, சீமெந்துத் தரை என்று எத்தனை சதுர மீற்றரிலிருந்து மழைநீர் பொதுக் குழாய்க்குப் போகிறதோ அதற்கு வருடா வருடம் காசு. சொந்த மண்ணுக்குள் இறங்கும் மழைக்குக் காசில்லை. தார் போட எங்களுக்கு வந்த விலை, கல்லுக்குக் கொடுத்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. வருடக் கட்டணம் அதற்கு மேல். ஆகவே நான் சுற்றாடல் ஞானத்தால் கல்லைத் தெரிவு செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காசுக் கணக்குத்தான்.

ஜேர்மனியைப் புகழ்ந்து தள்ளவும் எனக்கு விருப்பமில்லை. ஒரு நாளைக்கு 30 ஹெக்டேருக்கு மேல் புது நிலத்தைக் குடியிருப்புக்கும் வீதிக்கும் எடுக்கக்கூடாது என்று 2002இல் இலக்கு வைத்தார்கள், 2020க்குள். முடியவில்லை. இப்போது 2030 என்கிறார்கள். இன்னும் ஐம்பது ஹெக்டேரை ஒட்டியே போகிறது. 2021 யூலையில் ஆர் பள்ளத்தாக்கிலும் எங்கள் மாநிலத்திலும் வந்த வெள்ளத்தில் 180க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மழையை எந்தப் புல் வாய்க்காலும் தாங்கியிராது. ஆனால் அதன்பிறகு எங்கள் கிராமத்தில் யார் வீடு கட்டினாலும் முதலில் கேட்பது, "தண்ணி எங்க போகும்?" என்றுதான்.

கல் போட்டாலே நல்லது என்பதும் இல்லை. வீட்டு முன்றலில் பிளாஸ்ரிக் விரித்து அதன் மேல் அலங்காரக் கல் கொட்டும் பழக்கம் இங்கே பரவியது. ஒரு பூச்சியும் அதில் வாழாது. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2020இல் அப்படியான கல்தோட்டங்களைச் சட்டத்தால் தடுத்தது. கேள்வி கல்லா சீமெந்தா என்பதல்ல. அடியில் தண்ணீர் இறங்குகிறதா என்பதுதான்.

மாமியின் அழைப்பு

பாதை முடிந்து அதன் முதல் மாரி. 2024 நவம்பர் கடைசி. யாழ்ப்பாணத்தில் நாள் கணக்காகக் கொட்டிய மழையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்த அந்தக் கிழமை. வட்ஸ்அப்பில் அண்ணை வீடியோ அனுப்பினார். எங்கள் வீட்டு முற்றம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. "பார், ஒரு சொட்டும் நிக்கேல்ல" என்று பெருமையாகச் சொன்னார். அது 2018இல் நான் அனுப்பிய காசில் போட்ட கொங்கிறீற்.

அரை மணி நேரத்தில் பக்கத்து வளவு மாமி எடுத்தா. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீடு பூட்டியிருந்தால் நான் புட்டும் சம்பலும் சாப்பிட்ட வீடு அது. அவ கோபப்படவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

"தம்பி, உங்கட முத்தம் நல்ல வடிவாக் காயுது. தண்ணியெல்லாம் என்ர வீட்டுக்குள்ளதான் நிக்குது. அடுப்படிக்க முழங்காலளவு."

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். நாங்கள் ஒரு பரப்பு முற்றத்தைச் சீமெந்தால் மூடியிருந்தோம். நூறு மில்லிமீற்றர் மழைக்கு அதில் விழுவது 25,000 லீற்றர். வீடுகளில் நிற்கிற ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி இருபத்தைந்து. முன்பெல்லாம் வேப்பமரத்தடி மண் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். மிச்சம் ஒழுங்கையோர வாய்க்கால் வழியாகக் குளத்துக்குப் போகும். முற்றத்தை மூடினது மட்டுமில்லை, கார் ஏறி இறங்கப் படலையடியில் ஒரு சரிவும் கட்டினோம். அந்த வாய்க்காலின் மேலேயே. அடியில் குழாய் வைக்கவில்லை. அண்ணை கேட்டபோது "குழாய் எதுக்கு வீண் செலவு" என்று சொன்னவன் நான்தான்.

ஜேர்மனியில் ஒரு விவசாயியின் சீனிக்கிழங்கு நனையாமல் இருக்க மீற்றருக்கு மூன்று சென்ரிமீற்றர் சரிவு பார்த்தவன், ஊரில் மாமியின் அடுப்படிக்குத் தண்ணீர் அனுப்பியிருக்கிறேன்.

உறுதியில் எழுதியிருப்பது

அன்றிரவு அண்ணையிடம் எங்கள் காணி உறுதியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பழைய காகிதம். கிணற்றுப் பங்குக்குப் பக்கத்தில் இருந்தது அந்தச் சொல்: வழி வாய்க்கால் பாத்தியதை. யாழ்ப்பாணத்து உறுதிகள் வாசித்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், சடங்குச் சொல் மாதிரிக் கடந்து போயிருக்கிறேன். வழியையும் வாய்க்காலையும் பிரிக்காமல் எழுதியிருக்கிறார்கள். மனிசர் போக ஒரு பாதை இருந்தால் தண்ணீர் போகவும் ஒரு பாதை இருக்க வேண்டும், இரண்டும் அயலோடு சேர்ந்த உரிமை.

நாங்கள் வழிக்காக நீதிமன்றம் போவோம். ஒழுங்கையில் ஒரு அடி உள்ளே மதில் வந்தால் தலைமுறை தலைமுறையாகக் கதைக்காமல் இருப்போம். வாய்க்காலுக்காக யார் வழக்குப் பேசினோம்? அதை மெல்ல மெல்ல நாங்களே மூடினோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான். அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடலின் உப்பு நீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. கிணற்றில் நாம் அள்ளுவது அதைத்தான். வேறு முதல் இல்லை. மேலே இருந்து வருவது குறைந்து அள்ளுவது கூடினால் கீழே இருந்து உப்பு ஏறும். மாரியில் வெள்ளம், கோடையில் உவர்க் கிணறு. இரண்டுக்கும் காரணங்கள் பல. அதில் ஒன்று நாங்கள் மூடுகிற முற்றம்.

எங்கள் பாதைக்கு வந்த கல்லும் சுண்ணாம்புக் கல்தான், தெற்கே சவர்லாந்து மலைப்பக்கத்திலிருந்து. அங்கே வார்ஸ்டைன் என்று ஒரு ஊர். பியருக்குப் பெயர் போனது. அந்த ஊரில் கல் உடைப்பதா, கல்லுக்குள் இருக்கும் குடிநீரைக் காப்பதா என்று பல வருட இழுபறி. வாசித்தபோது காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக் கல் கிண்டிய பெருங்கிடங்குகள்தான் ஞாபகம் வந்தன. கல் எங்கேயும் ஒன்றுதான். அதற்குள் தண்ணீர் இருக்கிறது என்ற நினைப்புத்தான் ஊருக்கு ஊர் வேறு.

அண்ணையின் பக்க நியாயம்

அண்ணையிடம் "சரிவை உடைப்பம், முற்றத்தில பாதியையும் உடைப்பம்" என்றேன். அவர் வெடித்தார்.

"உனக்கென்ன, வருசத்தில ரெண்டு கிழமை வந்து போறனீ. அம்மா சேத்தில வழுக்கி விழுந்தது மறந்திட்டியோ? கொங்கிறீற் போடச் சொன்னதும் நீதான், இப்ப உடைக்கச் சொல்லுறதும் நீயோ?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. வயதானவர்களுக்குச் சேறு ஆபத்து. பாம்பு, பூச்சிப் பயம் உண்டு. முற்றம் கூட்ட இப்போது வீட்டில் ஆள் இல்லை. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். சக்கர நாற்காலி கல்லில் ஓடாது. இங்கேயும்தான்: குப்பைத் தொட்டியை 85 மீற்றர் கல்லில் இழுத்துக்கொண்டு போகும்போது தெருவே எழும்பும். பனி தள்ளினால் கல்லும் சேர்ந்து போகும். புல் முளைக்கும். வருடம் ஒருமுறை வாரி நிரவ வேண்டும். கல்லுப் பாதை சும்மா கிடைப்பதில்லை.

ஆகவே முழுக்க உடைக்கவில்லை. அம்மா நடக்கிற இடம், வாசலிலிருந்து கிணற்றடிக்கும் படலைக்கும் நான்கு அடி அகலத்தில் கொங்கிறீற் அப்படியே இருக்கிறது. மிச்சத்தை 2025 ஆவணியில், மழைக்கு முன்னர், எடுத்தோம். உடைத்த துண்டுகளை வீசவில்லை. மாமியின் மதிலோரம் ஆழக் கிடங்கு வெட்டி அதற்குள் நிரப்பி, மேலே சல்லி போட்டோம். மழைத்தண்ணீர் முதலில் அங்கே இறங்கும். படலையடிச் சரிவை இடித்து, அடியில் குழாய் வைத்து மதகாகக் கட்டினோம். முழுச் செலவும் நான் 2018இல் கொங்கிறீற்றுக்கு அனுப்பியதில் ஏறக்குறைய பாதி. போட்டதற்கும் காசு, எடுத்ததற்கும் காசு.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். எங்கள் மதகைத் தாண்டி அடுத்த மூன்று படலைகளிலும் வாய்க்கால் இன்னும் மூடித்தான் கிடக்கிறது. மூன்று வீட்டுக்கும் காசு அனுப்புகிறவர்கள் கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஒருவரோடு கதைத்துவிட்டேன். மற்ற இருவரின் நம்பர் கிடைத்திருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் இந்த வருடமும் ஊரில் முற்றத்துக்குக் கல் பதிக்கவும் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடவும் காசு அனுப்புவீர்கள். அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் மேசனிடம் விலை கேட்கிறபோது இன்னொன்றும் கேளுங்கள்: மழை பெய்தால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்? "ஒழுங்கைக்குப் போயிடும் அண்ணை" என்று சொன்னால் விடாதீர்கள். ஒழுங்கையிலிருந்து எங்கே என்று கேளுங்கள். கடைசியில் ஒரு குளமோ கிடங்கோ கடலோ வரவேண்டும். யாரோ ஒரு மாமியின் அடுப்படி வந்தால், அந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.